இரண்டாவது சீட்டு

பாஸ்டன்
18 நவம்பர் 1888

பெரியண்ணனுக்கு,

தங்கை டெலியா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சலவைச்சாலையின் ஆவியில் முகம் மட்டும் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. அண்ணியின் பல்வலி குறைந்ததா? சபைனாவும் சின்னப் பையன்கள் இருவரும் எப்படி இருக்கிறார்கள்?

விசாரிப்பு முடிந்தது, இனிக் கோபம். உங்கள் ஹார்லோ ஃபால்ஸிலிருந்து ஒரு பெண் இங்கே காலர் தேய்க்க வந்திருக்கிறாள். தேர்தல் எப்படி நடந்தது என்று கேட்டேன். "உங்கண்ணன் எப்பவும் போலத்தான் அக்கா. கம்பெனிச் சீட்டக் கொடி மாதிரி தூக்கிப் புடிச்சிக்கிட்டுப் போனாரு. மேஸ்திரி பாத்துத் தலையாட்டினாரு" என்றாள். நான் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் ஒரு கனவானின் காலர் கருகியிருக்கும்.

அந்த ஆலைதான் சின்னண்ணனின் மூன்று விரல்களைத் தின்றது. ஆலை முதலாளி கர்னல் லாத்ராப்பைச் சட்டசபைக்கு அனுப்ப நீ வருஷா வருஷம் கை தூக்குகிறாய். அவர் அங்கே போய், யந்திரத்துக்கு மூடி போடச் சொல்லும் எந்த மசோதா வந்தாலும் எதிர்த்துக் கை தூக்குகிறார். நல்ல சங்கிலி.

ஒன்று தெரிந்துகொள். மே மாதம் நம் மாநிலத்தில் ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது. அடுத்த நவம்பரிலிருந்து கட்சிக்காரன் அச்சடித்த சீட்டு கிடையாது. எல்லார் பெயரும் இருக்கிற ஒரே சீட்டைச் சர்க்காரே கொடுக்கும். தடுப்புக்குள் தனியாகப் போய்க் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இந்தச் சட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு ஓட்டில்லை. உனக்காகத்தான் நடந்தேன்.

கோபமாக இருந்தாலும் அன்பு குறையாத,
டெலியா


ஹார்லோ ஃபால்ஸ்
2 டிசம்பர் 1888

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் பார்ட்லி. இங்கே எல்லாரும் சௌக்கியம். வின்னியின் பல்லை நாவிதர் பிடுங்கிவிட்டார். இப்போது வலி இல்லை, பல்லும் இல்லை. நீ குளிரில் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு போ.

திட்டினாய், வாங்கிக்கொண்டேன். ஆனால் கை தூக்குவது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. இரண்டு கட்சிச் சீட்டும் வெள்ளைதான். கம்பெனிச் சீட்டு தடித்த காகிதம், தூக்கிப் பிடித்தால் நீ கஞ்சி போட்டுத் தேய்க்கும் காலர் போல விறைத்து நிற்கும். மற்றவனுடையது மெலிசு, தூக்கினால் தொங்கிவிடும். தீயணைப்புக் கொட்டகை வாசலில் சீட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே பெட்டி வரைக்கும் இருபது அடி, கையைக் காதுக்கு மேலே வைத்தபடி நடக்க வேண்டும். அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கையை இறக்கினவன் சட்டைப்பையில் சீட்டை மாற்றிவிட்டான் என்று அர்த்தம். பெட்டி பக்கத்தில் ஸ்டோடார்ட் மேஸ்திரி சுருட்டோடு நின்றுகொண்டிருப்பார். சனிக்கிழமை யாருக்கு வேலை போகும் என்பது செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிடும்.

பதினாறு வருஷமாக இப்படி நடக்கிறேன். சர்ச்சில் சிலுவைக் குறி போடுகிற மாதிரி, கை தானாகப் போய்விடுகிறது. நாங்கள் இருப்பது கம்பெனி வீடு. அடுப்பும் அவர்களுடையது, கூரையும் அவர்களுடையது. தம்பி ஃபெஸ்டஸ் எண்பத்தாறில் மெலிசுச் சீட்டைத் தூக்கினான். அந்தச் சனிக்கிழமையே அவனை நிறுத்தினார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தடுப்பு, பென்சில், மடிப்பு எல்லாம் பாஸ்டன்காரர்களுக்குச் சரிப்படும். இங்கே சுவருக்கும் கண் உண்டு.

பிள்ளைகளின் முத்தங்களோடு,
பார்ட்லி


பாஸ்டன்
20 ஜனவரி 1889

பெரியண்ணா,

பனி முழங்கால் வரை கிடக்கிறது. உன் சொல்படி கழுத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். பையன்களுக்குப் பின்னிய காலுறை இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. பத்தாவிட்டால் இழுத்து விடு, கம்பளி நீளும்.

நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுச் சட்டம் எப்படி நடக்கும் என்று ஜனங்களுக்குக் காட்ட, ஒரு மண்டபத்தில் தச்சர்களை வைத்து மாதிரித் தடுப்பு ஒன்று கட்டியிருந்தார்கள். பைன் பலகை மூன்று, எழுத ஒரு தட்டு, நூலில் கட்டிய பென்சில். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒரு தாடிக்காரர் என்னைப் பார்த்து, "பொம்பளைக்கு எதுக்கும்மா இது?" என்றார். "வழிய விடுங்க தாத்தா, நான் உள்ள ஒண்ணும் திருடப் போறதில்ல" என்று போனேன்.

சீட்டில் பழங்களின் பெயர் அச்சடித்திருந்தது. ஆப்பிளா, பேரிக்காயா, பிளம்ஸா? சிரித்துக்கொண்டுதான் பென்சிலை எடுத்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணா, நாம் ஒன்பது பேர் ஒரே அறையில் பிறந்து வளர்ந்தோம். கப்பலில் நாற்பது பேரோடு படுத்து வந்தோம். சலவைச்சாலையில் என் கை ஒரு நிமிஷம் நின்றால் கண்காணிப்பவள் இருமுவாள். நான் என்ன செய்கிறேன் என்று யாருக்குமே தெரியாத இடத்தில் முப்பத்தொரு வயசில் முதல் தடவையாக நின்றேன். வெறும் மூன்று பலகைக்குள் இவ்வளவு பெரிய இடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

குறி போட்டு, மடித்து, வெளியே வந்தேன். தாடிக்காரர், "எந்தப் பழத்துக்குப் போட்ட?" என்றார். சொல்லவில்லை. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதை நீ ஒருமுறை பார்க்க வேண்டும்.

டெலியா


ஹார்லோ ஃபால்ஸ்
17 மார்ச் 1889

அன்புத் தங்கைக்கு,

பண்டிகை நாளில் எழுதுகிறேன். வீட்டில் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் மணக்கிறது, அனைவரும் நலம். காலுறை சரியாக இருக்கிறது. நீ பேரிக்காய்க்குத்தான் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே உனக்கு அதுதான் பிடிக்கும். பார்த்தாயா, சுவரில் கண் இல்லாமலே நான் கண்டுபிடித்துவிட்டேன். ஸ்டோடார்ட் என்னைவிடக் கெட்டிக்காரர்.

ஊரில் பேச்சு இதுதான். கர்னலை எதிர்த்து இந்தத் தடவை ஏமோஸ் டட்டில் நிற்கிறார். லாடம் அடிப்பவர், குதிரைக்கு வலிக்காமல் ஆணி இறக்குவார், பேச்சில் கொஞ்சம் திக்கல். "எந்திரத்து வாருக்கும் பல்சக்கரத்துக்கும் மரக்கூண்டு போடணும்னு சட்டம் கொண்டுவருவேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்று உலைக்களத்தில் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார். கேட்டுவிட்டு நாங்கள் பேசாமல் வந்துவிடுகிறோம்.

ஸ்டோடார்ட்டும் ஒன்று சொல்லிவிட்டார். "சர்க்கார் தடுப்பு கட்டட்டும்டா. பலக கம்பெனி மரக்கடையிலேருந்துதான வரப்போவுது. ஓட்டய எங்க போடணும்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று. பலகையில் துளை இருக்குமாம், காகிதத்தில் எண் ரகசியமாக அழுத்தியிருக்குமாம். ஆளாளுக்கு ஒரு கதை. எது மெய் என்று எனக்குத் தெரியாது.

பார்ட்லி

மறந்துவிட்டேன். சபைனாவுக்கு ஆகஸ்டில் பதினாலு முடிகிறது. கம்பளிச் சிக்கெடுக்கும் பகுதியில் இடம் போட்டிருக்கிறார்கள்.


பாஸ்டன்
24 மார்ச் 1889

பெரியண்ணா,

நான் நலம், விசாரிப்பெல்லாம் அப்புறம். பன்றிக்கறியை முதலில் எழுதி, இதைக் கையெழுத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாய். சின்னண்ணன் நின்ற பகுதி அது. அதே யந்திரமா? வாருக்கு மூடி போட்டிருக்கிறார்களா? சபைனாவின் தலைமுடி இடுப்பு வரைக்கும் இருக்கிறது.

உடனே பதில் எழுது.

டெலியா


பாஸ்டன்
7 ஜூலை 1889

பெரியண்ணா,

மூன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணி மட்டும் ஈஸ்டருக்கு ஒரு அட்டை அனுப்பினாள், அதில் ஆட்டுக்குட்டிப் படம் தவிர எல்லாரும் நலம் என்று இரண்டு சொல். நான் கடுமையாகக் கேட்டுவிட்டேனோ என்று தினமும் யோசிக்கிறேன். அப்படியானால் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. நீ கையைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும், உன் பதினெட்டு வயசில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கப்பலேறினவன் நீதான். அதை மறந்துவிட்டுப் பேசமாட்டேன்.

இங்கே வெயிலும் இஸ்திரிச் சூடும் சேர்ந்து வதைக்கிறது. ஆனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. எழுது.

டெலியா


ஹார்லோ ஃபால்ஸ்
15 செப்டம்பர் 1889

டெலியா,

எங்கள் உடம்புக்குக் குறையில்லை. சபைனா வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. தலைமுடியைக் காதோடு வெட்டிவிட்டோம். வின்னிதான் வெட்டினாள், வெட்டி முடித்துக் கூந்தலைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். ஆமாம், அதே யந்திரம்தான். மூடி இல்லை.

உன் மேல் கோபத்தால் நான் எழுதாமல் இருக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் ஆறு மாதம்.

எண்பத்தாறு தேர்தலுக்கு முந்தின ஞாயிறு ஃபெஸ்டஸ் என்னிடம் வந்தான். "அண்ணே, நான் ஒருத்தன் மெலிசுச் சீட்டத் தூக்கினா என்னைத் தள்ளிருவான். நீயும் கூடத் தூக்கினா யோசிப்பான். சிக்கெடுக்கிற பகுதியில பழகின கை நாமதான். ரெண்டு பேர ஒரே நாள்ல அனுப்பிட்டு எந்திரத்த ஓட்ட முடியாது" என்றான். நான் சரி என்றேன். கை கொடுத்தேன். அவனுக்கு மிச்சமிருந்த இரண்டு விரலைப் பிடித்துத்தான் சொல் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வரிசையில் அவன் முன்னால், நான் பின்னால். அவன் அந்த இரண்டு விரலால் மெலிசுச் சீட்டைத் தூக்கினான். துவண்டு தொங்கியது. ஸ்டோடார்ட் வாயிலிருந்து சுருட்டை எடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என்னிடம் இரண்டு சீட்டும் இருந்தன. நான் விறைத்ததைத் தூக்கினேன்.

ஃபெஸ்டஸ் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி என் கையைப் பார்த்தான். சனிக்கிழமை மேற்கே ரயிலேறினான். "வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை அவனுக்கு" என்று உங்களிடமெல்லாம் சொன்னேனே, அந்தப் பொய்யோடுதான் மூன்று வருஷம் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

போன வாரம் ஸ்டோடார்ட் வீட்டுக்கு வந்தார். வின்னி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "வீடு நல்லா வச்சிருக்க பார்ட்லி. பொண்ணும் கெட்டிக்காரி. நவம்பர்ல பழைய மாதிரியே இருந்தா எல்லாம் பழைய மாதிரியே இருக்கும்" என்றார். சபைனா தலையை என் கண் முன்னாலேயே தடவிக்கொடுத்தார்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. டட்டில் ஜெயித்தால் அந்த வாருக்கு மூடி வரும். நான் பிடிபட்டால் குளிர்காலத்தில் ஐந்து பேர் தெருவில் நிற்போம்.

பார்ட்லி


பாஸ்டன்
6 அக்டோபர் 1889

என் பெரியண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் பிள்ளைகளும் திடமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சபைனாவிடம் அத்தை ஒரு தொப்பி பின்னுகிறாள் என்று சொல், வெட்டின தலைக்குக் குளிரும்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். முதலில் சின்னண்ணனுக்காக, அப்புறம் உனக்காக. உனக்காகத்தான் அதிக நேரம் என்று நினைக்கிறேன். துண்டறிக்கை கொடுத்த நாளெல்லாம், பயந்தவர்களைக் கோழை என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டையும் ஒரு பெண்ணின் தலையையும் காட்டி யாரும் என்னை மிரட்டியதில்லை.

இந்தத் தடவை எப்படிப் போடு என்று சொல்லமாட்டேன். சட்டத்தை நான்கு தடவை படித்திருக்கிறேன், அதை மட்டும் சொல்கிறேன். சீட்டில் எண் கிடையாது. தடுப்புகளுக்கு முன்னால் கயிறு கட்டுவார்கள், அதைத் தாண்டி உள்ளே வாக்காளனையும் சர்க்கார் ஆட்களையும் தவிர யாரும் வரக் கூடாது, மேஸ்திரியும்தான். பலகையில் துளை இருந்தால் கையால் மறை. மடித்த பிறகு அது உன்னுடையது.

சின்னண்ணனின் விலாசம் கேட்காமலே தருகிறேன். போன வருஷம் ஒரு அட்டை போட்டிருந்தான். மொன்டானா, பியூட், செப்புச் சுரங்கத்துக்கு எதிரே திருமதி டிரெவாஸ்கிஸ் நடத்தும் விடுதி. இன்னும் அங்கே இருக்கிறானா தெரியாது.

டெலியா


ஹார்லோ ஃபால்ஸ்
7 நவம்பர் 1889

டெலியா,

எல்லாரும் நன்றாக இருக்கிறோம், அதே வீட்டில்தான் இருக்கிறோம். தொப்பி வந்தது. சபைனா அதைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

செவ்வாய்க்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். எப்படி எழுதுவதென்றுதான் தெரியவில்லை. உன் மண்டபத்துக் கதையைப் படித்தபோது, பாஸ்டனில் இருந்து இருந்து தங்கைக்கு வாய் நீண்டுவிட்டது என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்.

அதே தீயணைப்புக் கொட்டகை. குதிரைகளை வெளியே கட்டியிருந்தார்கள், வாசனை மட்டும் உள்ளே இருந்தது. சுவரோரம் பைன் பலகையில் ஆறு தடுப்பு. கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே ஸ்டோடார்ட், சுருட்டோடு. பதினேழு வருஷத்தில் பெட்டியை விட்டு அவர் தள்ளி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வரிசையில் முந்நூறு பேர் இருப்போம். வாசலில் சீட்டு நீட்ட ஒருவனும் இல்லாததால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எழுத்தர் என் பெயரைக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தார். தடுப்புக்குள் போனேன். பலகையைத் தடவித் தடவிப் பார்த்தேன், துளை இல்லை. சட்டசபைக்கு இரண்டே பெயர். மேலே லாத்ராப், கீழே டட்டில். பென்சிலை எடுத்தேன். உன்னிடம் மறைக்கமாட்டேன், மேலே இருந்த பெயருக்குக் குறி போட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஸ்டோடார்ட் அங்கே இல்லை. ஆனாலும் சபைனா தலைமேல் அவர் கை இருப்பது எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்து பெட்டியைப் பார்த்து நடந்தேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு பின்னாலிருந்து யாரோ சிரித்தான். அப்போதுதான் பார்த்தேன். என் வலது கை காதுக்கு மேலே நிற்கிறது. கையில் விரித்த சீட்டு.

சத்தியமாக நான் தூக்கவில்லை, டெலியா. அதுவாகப் போயிருக்கிறது. இறக்கப் பார்த்தேன். என் கைதானே, என் பேச்சைக் கேட்கவில்லை. சிரித்தவன் இளசு. வரிசையிலிருந்த பெரியவர்கள் சிரிக்கவில்லை. சிலர் தங்கள் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்கள்.

எழுத்தர் எழுந்து வந்தார். "கைய இறக்குங்க ஐயா" என்று மெதுவாகச் சொல்லி, அவரே என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார். "இத யாரும் பாக்கக் கூடாது. பாத்தாச்சுன்னா செல்லாது. கவலப்படாதீங்க, வேற தரேன்."

"வேறயா?" என்றேன்.

"ஆமா. கெட்டுப்போனா இன்னொண்ணு உண்டு. சட்டம் அப்படி."

ஸ்டோடார்ட் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தார். மேலே இருந்த குறியை நன்றாகப் பார்த்துவிட்டார். "நம்ம ஆளு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

எழுத்தர் முதல் சீட்டைக் குறுக்கே கிழித்து ஒரு உறையில் போட்டு, இரண்டாவதை என் கையில் வைத்தார். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து, கெட்டுப்போனால் இன்னொன்று உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கெட்டால் கூலியில் பிடிப்பார்கள், அவ்வளவுதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பத் தடுப்புக்குள் போனேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நீ எழுதியது சரிதான், உள்ளே மிகப் பெரிய இடம். ஸ்டோடார்ட் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டார். இனி அவர் பார்க்க ஒன்றுமில்லை. நானும், பென்சிலும், இரண்டு பெயரும்தான்.

குறி போட்டேன். மடித்தேன். இன்னொரு முறை மடித்தேன். கையை இடுப்பை ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தேன், டெலியா, அந்த இருபது அடியும். சீட்டைப் பெட்டியில் விட்டதும் சர்க்கார் ஆள் அதன் கைப்பிடியைச் சுற்றினார், ஓட்டு விழுந்ததற்கு அடையாளமாக ஒரு மணி அடித்தது.

வாசலில் ஸ்டோடார்ட் தோளில் தட்டினார். "கிறுக்கா, எதுக்குத் தூக்கின? சரி, ரெண்டாவதும் அதேதான?"

"மொதல் சீட்டத்தான் பாத்துட்டீங்களே மேஸ்திரி" என்றேன். தொப்பியைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரவு எண்ணினார்கள். போன வருஷம் எங்கள் கொட்டகையில் மெலிசுச் சீட்டு ஒன்பது. இந்த வருஷம் டட்டிலுக்கு நூற்று நாற்பத்துமூன்று. தொகுதி முழுக்கக் கூட்டினால் பதினோரு ஓட்டில் டட்டில் ஜெயித்துவிட்டார். அவருக்கு வாழ்த்துச் சொல்லப் போனவர்களிடம் திக்கித் திக்கி ஒரு சொல்தான் சொன்னாராம்: "யாரு?"

நேற்று ஆலைக்குள் நுழைந்தோம். ஸ்டோடார்ட் யந்திரம் யந்திரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தோம். ஒன்பது பேரை அனுப்பிவிடலாம். யாரென்றே தெரியாத நூற்று நாற்பத்துமூன்று பேரை எப்படி அனுப்புவது? பத்து வருஷம் பக்கத்தில் நின்ற ஆட்களை நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு பேர் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பார்ட்லி


பாஸ்டன்
10 நவம்பர் 1889

பெரியண்ணா,

நலம், நலம், நலம். நீ, நான், சின்னண்ணன் மூன்று பேருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சலவைச்சாலைப் பெண்களுக்கு உரக்கப் படித்தேன். எழுத்தர் உன் மணிக்கட்டை இறக்கிய இடத்தில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். கண்காணிப்பவள் இருமவே இல்லை, அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினோரு ஓட்டு, அண்ணா. இரண்டு கையையும் விரித்து எண்ணி, இன்னும் ஒரு விரல். என்னிடம் மட்டும் சொல், இரண்டாவது சீட்டில் எந்தப் பெயருக்குப் போட்டாய்? இந்தக் காகிதத்தை எரித்துவிடுகிறேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை நடந்திருக்கிறேன், எனக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

டெலியா


ஹார்லோ ஃபால்ஸ்
24 நவம்பர் 1889

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். முதல் பனி விழுந்துவிட்டது. சபைனாவின் முடி விரல் நீளம் வளர்ந்திருக்கிறது.

உனக்குச் சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. வின்னி கேட்டாள், அவளுக்கும் சொல்லவில்லை. பாதிரியார் சுற்றிவளைத்துக் கேட்டார், "அது பாவம் இல்லையே ஃபாதர், பாவமன்னிப்புல எதுக்கு வருது?" என்றேன். என் கூலி கம்பெனிக்குத் தெரியும், என் கட்டிலில் எத்தனை பேர் படுக்கிறோம் என்று தெரியும், எந்த ஞாயிறு எவ்வளவு குடித்தேன் என்றும் தெரியும். நாற்பத்துநான்கு வயசில் ஒன்றே ஒன்று என்னுடையதாக இருக்கிறது. அதை நீ நடந்து நடந்து வாங்கிக்கொடுத்தாய். வாங்கிக்கொடுத்தவளே திருப்பிக் கேட்கலாமா?

ஆனால் ஒருவனுக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். சொல் கொடுத்தது அவனுக்குத்தான். நீ கொடுத்த விலாசத்துக்கு இன்று தபாலில் சேர்த்தேன். போய்ச் சேருமா, சேர்ந்தாலும் பிரிப்பானா, தெரியாது.

பார்ட்லி


பாஸ்டன்
12 ஜனவரி 1890

பெரியண்ணா,

நான் சுகம். அங்கே நீங்கள் ஐந்து பேரும் சூடாக, வயிறு நிறைய இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். மொன்டானாவிலிருந்து வந்தது. மேலே உன் பெயர், என் விலாசம். எழுத்து கோணலாக இருக்கிறது, இரண்டு விரலால் எழுதியது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. உறையோடு எனக்கும் ஒரு சின்னத் துண்டுக் காகிதம் வந்தது. அதில் இவ்வளவுதான்: "டெலியா, அண்ணன் கடிதம் கிடைத்தது. அவனை வீட்டை விட்டு வெளியேற்றியிருப்பார்கள், எங்கே இருக்கிறானோ தெரியாது. நீ தேடிக் கொடு. சீக்கிரம்."

பாவம், அவனுக்கு இன்னும் பழைய முறைதான் தெரியும்.

அந்த மூன்று வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உன்னிடம் கேட்டதை இனி நான் கேட்கமாட்டேன். உறை மெலிசாக இருக்கிறது, உள்ளே மடித்த தாள் ஒன்று விரலுக்குத் தட்டுப்படுகிறது. சலவைச்சாலையில் ஆவிக்குக் குறைவில்லை, ஒரு நிமிஷம் காட்டினால் பசை விட்டுவிடும்.

நான் காட்டவில்லை, அண்ணா. ஒட்டினபடியே அனுப்புகிறேன்.

டெலியா